டிபி வந்த வீட்டில் இருக்கிற காசை எதில் போடுவது?

பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டும் உங்கள் அண்ணனுக்கு நுரையீரல் டிபி என்று உறுதியாகி மூன்று வாரம் ஆகிறது. ஐந்தரை அடி உயரம், 41 கிலோ எடை. அண்ணி, நாலு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோய் உள்ள அம்மா, நீங்கள் என்று ஆறு பேரும் இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் "மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் போதும்" என்கிறார்கள். சொந்தக்காரர்கள் "சத்தா சாப்பிடாம டிபி போகாது" என்று சொல்லி விலை கூடிய புரோட்டீன் மாவு டப்பாவைக் கைகாட்டுகிறார்கள். அண்ணன் வேலைக்குப் போகாததால் வருமானம் பாதியாகிவிட்டது. மிச்சம் இருக்கிற பணத்தை மருந்துக்கா, சாப்பாட்டுக்கா, காற்றோட்டமான வேறு வீட்டுக்கா, எதற்கு ஒதுக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருந்து அரசு தருவது, இலவசம். ஆகவே நீங்கள் தீர்மானிக்க வேண்டியது, கையில் உள்ள பணத்தை இந்த ஆறு பேரில் யாருக்காகச் செலவழிப்பது என்பதுதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணனைக் குணப்படுத்தப்போவது மாத்திரை. சாப்பாட்டுக்கு ஒதுக்கும் பணம் அண்ணன் ஒருவருக்கு மட்டும் போகாமல் ஆறு பேருடைய தட்டிலும் விழ வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. அரசு காசநோய்ப் பிரிவில் சிகிச்சை மேற்பார்வையாளராகப் பல வருடம் வீடு வீடாகப் போய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாத்திரையின் அளவை மாற்றுவது, நிறுத்துவது போன்றவற்றை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"மாத்திரை போதும்" என்று ஆஸ்பத்திரியில் சொல்வதற்குப் பின்னால் நம் ஊரிலேயே நடந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. 1950-கள் வரை டிபி என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று. தாம்பரத்துக்குப் பக்கத்தில் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையமே இருப்பது அந்தக் காலத்து டிபி ஆஸ்பத்திரியால்தான். ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு அந்தப் படுக்கைகள் எந்த மூலைக்கும் போதவில்லை. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து ஒரு ஆய்வு மையம் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமையில், நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினரை சானடோரியத்தில் சேர்த்தார்கள், அங்கே நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. மறு பாதியினர் தங்கள் நெருக்கமான வீடுகளிலேயே இருந்து, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, அதே மருந்துகளை ஒரு வருடம் எடுத்தார்கள்.

1959-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, வேலை செய்தது அதிகம், அப்படியிருந்தும் மருந்து வேலை செய்தது. இன்னொன்றும் தெரிந்தது. நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அந்தக் குடும்பங்களில் கூடுதலாக யாருக்கும் டிபி வந்துவிடவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்று பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது, மருந்து தொடங்கியபின் பரவுவது வேகமாகக் குறைகிறது என்பது அதிலிருந்து புரிந்தது. உலகம் முழுக்க டிபி நோயாளிகளை வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்க்கலாம் என்ற துணிச்சல் இந்த ஆய்விலிருந்து வந்தது. எனவே அண்ணனின் உடம்பில் இருக்கும் கிருமியைக் கொல்ல மாத்திரை போதும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆறு மாதம், முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து. பேரீச்சை, பூண்டுப் பால், ஆட்டு ஈரல் எதுவும் இந்த வேலையைச் செய்யாது. அவற்றைச் சாப்பிடுவதில் கெடுதல் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் இந்த ஆய்வைப் பிற்பாடு பலர் தேவைக்கு மேல் இழுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். மருந்து எடுக்கும் நோயாளியின் கிருமி போவதற்கு நல்ல சாப்பாடு கட்டாயமில்லை என்றுதான் அது காட்டியது. அது நாளடைவில் "டிபிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை" என்று பேச்சில் மாறிவிட்டது. கிருமி ஏற்கெனவே உடம்புக்குள் போய்விட்ட, இன்னும் நோயாகாத ஒருவருக்குச் சாப்பாடு என்ன செய்யும்? எலும்பும் தோலுமாக வந்து சேரும் நோயாளி முதல் இரண்டு மாதம் உயிரோடு தாண்டுவதற்குச் சாப்பாடு என்ன செய்யும்? இந்த இரண்டையும் அந்த ஆய்வு கேட்கவே இல்லை.

முதல் கேள்விக்கு விடை கிடைக்க அறுபது வருடத்துக்கு மேல் ஆனது. அதே சென்னை நிறுவனத்தோடு சேர்ந்து, மருத்துவர் அனுராக் பார்கவா தலைமையில் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019-ல் தொடங்கிய ஆய்வு அது, ரேஷன்ஸ் என்று பெயர். 2,800 நுரையீரல் டிபி நோயாளிகள், அவர்கள் வீட்டில் இருந்த 10,000-க்கும் கூடுதலானவர்கள். நோயாளிகள் எல்லாருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். வீட்டில் உள்ளவர்களை மட்டும் பகுதிவாரியாகக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம்பருப்பு, கூடவே வைட்டமின் மாத்திரை. மறு பாதிக்கு எதுவும் கூடுதலாக இல்லை. 2023-ல் வெளிவந்த முடிவின்படி, அரிசியும் பருப்பும் கிடைத்த குடும்பங்களில் புதிதாக டிபி வந்தவர்கள் 39 சதவீதம் குறைவு. மற்றவர்களுக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் டிபியை மட்டும் எடுத்தால் 48 சதவீதம் குறைவு. நோய்த்தடுப்பில் இவ்வளவு பெரிய பலனைச் சாதாரண அரிசியும் பருப்பும் தந்ததைப் படித்தபோது, எத்தனையோ வீடுகளில் ஒரு நோயாளிக்கு மாத்திரை முடிந்த கொஞ்ச நாளில் தம்பிக்கோ மகளுக்கோ புதிதாக டிபி சிகிச்சை அட்டை போட்டது நினைவுக்கு வந்து மனம் கனத்தது.

இதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். வீட்டாருக்கு உணவு கொடுத்தால் டிபி குறைகிறது என்பது குலுக்கல் முறையில் நிரூபணமானது, நம்பலாம். ஆனால் அந்தப் பகுதி நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் எடை குறைந்தவர்கள், குடும்பங்களும் மிகவும் வறியவை. உங்கள் வீட்டில் எல்லாரும் ஓரளவு எடையோடு இருந்தால் இதே அளவு பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் வந்தது. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடிய நோயாளிகள் இறப்பது 60 சதவீதம் போலக் குறைவாக இருந்தது. இதைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். நோயாளிகள் எல்லாருக்கும் உணவு கொடுத்ததால் ஒப்பிட ஆள் இல்லை. எடை கூடியதால் பிழைத்தார்களா, பிழைத்துவருபவர்களுக்கு எடை கூடியதா என்பதை அந்தக் கணக்கு முழுசாகப் பிரிக்காது. இருந்தாலும் எடை என்பது மிக நல்ல எச்சரிக்கை மணி. தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் நோயாளி வந்தவுடனே எடை, உயரம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு பார்க்கிறார்கள், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்றும் பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவர்களை உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள்.

அண்ணன் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் கொடுத்த எடை உயரத்துக்கு அவருடைய பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண், 14.6 வருகிறது. 18.5-க்குக் கீழே போனாலே எடை குறைவு, 16-க்குக் கீழே மிகக் கடுமையான குறைவு. அந்தத் திட்டத்தில் 14-ம் அதற்குக் கீழும் இருந்தால், அல்லது 16-க்குள் இருந்து கால் வீங்கியிருந்தால் ஆபத்தான நிலை என்று கணக்கு. அண்ணனுடைய பாதத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, தானாக எழுந்து நிற்க முடியாவிட்டாலோ இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம். இவ்வளவு இளைத்தவருக்கு ஒரேயடியாகத் திணிக்கக் கூடாது. நாள்பட்ட பட்டினி உடம்பில் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் இறங்கி ஆபத்தாகலாம். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் அளவை ஏற்றுங்கள். மாத்திரை குமட்டினால் நிறுத்திவிடாமல் எந்த நேரத்தில் போடலாம் என்று செவிலியரிடம் கேளுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ விடாமல் வாந்தி வந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இப்போது மற்ற ஐந்து பேர். என் அனுபவத்தில் டிபி வந்த வீட்டில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப நடக்கும். ஆம்பளைக்கு நோய் வந்தால் வீட்டில் இருக்கும் முட்டை, பால், கறி எல்லாம் அவர் தட்டுக்குப் போகும். அவர் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, கடைசியில் மனைவி ரசத்தையும் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். இராத்திரி முழுக்க இருமுகிறவர் பக்கத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தவரும் அதே மனைவிதான். கிருமி அவர் உடம்புக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம், அதை அடக்கிவைக்க வேண்டிய உடம்புதான் காய்கிறது. அதனால்தான் அண்ணியின் தட்டைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன். அண்ணியின் எடை என்ன என்று உங்கள் கேள்வியில் இல்லை. முதலில் அதைப் பாருங்கள்.

செலவுக் கணக்கு. நிக்‌ஷய் போஷண் என்ற அரசு உணவு உதவித் திட்டத்தில் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தார்கள், 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். சிகிச்சைக் காலத்துக்கு மொத்தம் 6,000, இரண்டு தவணையாக வங்கிக் கணக்கில் வரும். வரவில்லையென்றால் பெரும்பாலும் ஆதாரில் உள்ள பெயருக்கும் வங்கிக் கணக்குப் பெயருக்கும் பொருத்தமில்லாமல் இருக்கும், சிகிச்சை மேற்பார்வையாளரிடம் நேராகக் கேளுங்கள். நிக்‌ஷய் மித்ரா என்று கொடையாளர்கள் தரும் உணவுப் பையும் உண்டு. 2024 முதல் அது நோயாளியின் குடும்பத்தாருக்கும் பொருந்தும் என்று விரிவாக்கியிருக்கிறார்கள், அதையும் கேட்டுப் பெயர் கொடுங்கள்.

அந்தப் புரோட்டீன் மாவு டப்பா வேண்டாம். ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைப்பதால் நம் ஊரில் வயிறு நிறைந்துவிடுகிறது, குறைவது புரதம்தான். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பை ஒரு மாதமும் விட்டுவிடாதீர்கள். 100 கிராம் பருப்பில் 22 கிராம் அளவுக்கும், 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம் அளவுக்கும் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். நீங்கள் இருப்பது நாமக்கல் மாவட்டம், முட்டைக்குப் பஞ்சமில்லை. அண்ணனுக்குத் தினம் இரண்டு, அண்ணிக்கும் அம்மாவுக்கும் உங்களுக்கும் ஒவ்வொன்று, சாயங்காலம் எல்லாருக்கும் சுண்டலோ வேகவைத்த கடலையோ, சோற்றுக்கு ஊற்றுவது தண்ணிச் சாம்பாராக இல்லாமல் கெட்டிப் பருப்பாக. டப்பா வாங்கும் காசில் இந்தக் குடும்பத்துக்கு இரண்டு மூன்று வாரம் ஓடும். பெரியவன் அரசுப் பள்ளியில் படித்தால் காலை உணவும் மதிய உணவில் முட்டையும் அங்கேயே கிடைக்கும். சின்னதை அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். அங்கே தரும் சத்துமாவைப் பிள்ளைக்கே கொடுங்கள். அம்மாவுக்குச் சோற்றைக் குறைத்துப் பருப்பையும் சுண்டலையும் கூட்டுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு போல அதிகம். அவர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது முட்டை கொடுப்பதைவிட முக்கியம்.

வீட்டைப் பற்றி. காற்றோட்டம் முக்கியம் என்பது உறுதி. டிபி காற்றில்தான் பரவுகிறது. தட்டு, டம்ளர், துணி, தொட்டுப் பேசுவது இவற்றால் பரவாது, அண்ணனுக்குத் தனித் தட்டு வைத்து அவர் மனதை நோகடிக்க வேண்டாம். பெரு நாட்டின் லிமாவில் ஆஸ்பத்திரிகளில் அளந்து பார்த்தார்கள். ஜன்னல் கதவை எல்லாம் திறந்து வைத்த அறைகளில் மணிக்கு 28 முறை காற்று மாறியது, இயந்திரம் வைத்துக் காற்றை மாற்றிய அறைகளில் 12 முறைதான். உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டிடங்கள் புதியவற்றைவிட நன்றாக இருந்தன. ஆனால் இதற்காக அட்வான்ஸ் கொடுத்து, சாமான் ஏற்றி வேறு வீடு போவது இப்போது தேவையில்லை என்பது என் கருத்து. ஏற்கெனவே தொற்றியது தொற்றியதுதான். மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி இல்லை என்று சளிப் பரிசோதனையில் வந்திருந்தால் பரவும் காலத்தின் மோசமான பகுதி முடிந்துவிட்டது. டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்ற முடிவு சிகிச்சை அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இன்னும் கொஞ்ச நாள் அண்ணன் ஜன்னல் பக்கமோ திண்ணையிலோ படுக்கட்டும், இருமும்போது துண்டை வாயில் வைக்கட்டும். பரவும் காலத்தின் மோசமான பகுதி முடிந்துவிட்டது என்பதை வாடகை வீட்டின் சொந்தக்காரரிடமும் சொல்லுங்கள். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் சுகாதாரப் பணியாளரைக் கூட்டிப் போய்ப் பேசச் சொல்லலாம், நாங்கள் அதற்கெல்லாம் போயிருக்கிறோம்.

தறிப் பட்டறைத் தூசியால்தான் வந்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். கல் உடைப்பவர்கள், குவாரிக்காரர்கள் சுவாசிக்கும் சிலிக்கா தூசி டிபியைக் கூட்டும் என்பது நிச்சயம். பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், ஆனால் அது டிபியைக் கொண்டுவரும் என்று அதே உறுதியோடு சொல்ல ஆதாரம் இல்லை. நூல் அறும் என்று காற்று வராமல் அடைத்த கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் ஷிஃப்ட் ஷிஃப்டாக நிற்பதும், ராத்திரித் தூக்கம் இல்லாததும், பீடியும்தான் எனக்குக் கூடுதல் சந்தேகம். கூட வேலை பார்த்தவர்களில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர்கள் இருந்தால் அவர்களையும் சளி டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது கூலிதான். உங்கள் பகுதியில் முன்பணம் வாங்கித் தறி ஓட்டுபவர்கள் அதைக் கழிக்க, இருமல் நின்ற ஒரு மாதத்திலேயே நைட் ஷிஃப்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அங்கே மாத்திரை விட்டுப்போகும், சாப்பாடு கெடும். பட்டறையில் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் இருந்ததா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். இருந்தால் டிபி நீண்டகால நோய்ப் பட்டியலில் வருகிறது, இரண்டு வருடம் பதிவில் இருந்து உரிய சந்தாவும் கட்டியிருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம் வரை நீண்ட நாள் கிடைக்க வழி உண்டு. சிறு பட்டறைகளில் பெரும்பாலும் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். இல்லையென்றால் குறைந்தது முதல் இரண்டு மாதமாவது முதலாளியிடம் பேசித் தவணை கேளுங்கள், டாக்டர் சீட்டைக் காட்டுங்கள். கையில் இருக்கும் பணத்தில் ஒரு பங்கை இந்த இரண்டு மாத வாடகைக்கு ஒதுக்குவது, வேறு வீடு பார்ப்பதைவிடப் பிரயோஜனம். சீக்கிரம் வேலைக்கு ஓட வேண்டிய நெருக்கடி குறையும்.

பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அண்ணி, அம்மா, நீங்கள், இரண்டு பிள்ளைகள் எல்லாருக்கும் அறிகுறி விசாரித்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு டிபி இல்லை என்று உறுதியானவுடன் தடுப்பு மருந்து கட்டாயம் வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு டிபி மூளைக்குப் போகும் ஆபத்து அதிகம். மற்றவர்களுக்கும் தடுப்பு மருந்து இப்போது இலவசமாகக் கொடுக்கிறார்கள். எந்த மருந்து, எத்தனை மாதம் என்பதை டாக்டர் சொல்வார், தூரத்திலிருந்து நான் சொல்லக்கூடாது.

கடைசியாக, பிள்ளைகளின் பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து ஆறு பேர் பெயரையும் எழுதிவிடுங்கள். மாதா மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திரை வாங்கப் போகும்போது ஒவ்வொருவர் எடையையும் அதில் குறியுங்கள். மாத்திரை எண்ணிக்கை எடையை வைத்துத்தான் போடுகிறார்கள், அண்ணனுக்கு எடை நன்றாகக் கூடினால் அளவை மாற்ற வேண்டியிருக்கும். இரண்டாம் மாத முடிவில் அவர் 43 கிலோவை எட்டவில்லையென்றாலும், மற்ற ஐந்து பேரில் யாருக்காவது காரணம் தெரியாமல் எடை இறங்கினாலும், அந்த நோட்டை டாக்டர் மேசையில் வைத்துக் காட்டுங்கள்.